70 கொண்டை ஊசி வளைவு, ஒரு போன் ஹோல்டர், பின் சீட்டில் அப்பா!

ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு கொல்லிமலை ஏறினேன். வழி நன்றாகவே தெரிந்தது. ரோடுதான் தெரியவில்லை!

“அத எதுக்கு அங்க மாட்டியிருக்க?”

பைக்கின் பின் சீட்டில் ஏறுவதற்கு முன் அப்பா கேட்ட முதல் கேள்வி இது. ‘அது’ என்று அவர் சொன்னது, ஹேண்டில்பாரின் நடுவில் நான்கு கால் பூச்சி மாதிரி என் போனைக் கவ்விப் பிடித்திருந்த ஹோல்டரை.

“மேப் பார்க்கத்தான்ப்பா.”

“கொல்லிமலைக்கா?”

அந்த ஒற்றை வார்த்தையில் இருந்த நக்கல் புரிய, நீங்கள் நாமக்கல்காரராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே கொல்லிமலை தெரியும். மழைக்கு முந்தின நாள் மேகம் இறங்குவதை வைத்து, வடகம் காயப்போடலாமா வேண்டாமா என்று அம்மா முடிவெடுப்பார். கண்ணுக்குத் தெரிகிற மலைக்குப் போன் வைத்து வழி பார்ப்பது, அடுப்படிக்குப் போக ஆட்டோ பிடிப்பது மாதிரி.

அப்பா 32 வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். போகும்போது ஜவ்வரிசி, வரும்போது வெங்காயம். நாக்பூர், இந்தூர், நாசிக் என்று அவர் சொல்லும் ஊர்களை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். போன வருடம் இரண்டு கண்களிலும் கண்புரை ஆபரேஷன் ஆனதோடு கனரக வண்டியை நிறுத்திவிட்டார். இப்போது அவர் ஓட்டுவது மார்க்கெட்டுக்குப் போய் வரும் எக்ஸ்.எல் மட்டும்.

நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் பைக் வாங்கி, அதிலேயே ஊருக்கு வந்து போகிறேன். அம்மா ஒரு முறை பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு வந்திருக்கிறார். அப்பா மட்டும் உட்கார்ந்ததே இல்லை. “அப்புறம் பாக்கலாம் பாப்பா” என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டவர், மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில், “கொல்லிமலைக்குப் போலாமா?” என்று அவராகவே கேட்டார். அந்தப் பயணத்தை நான் எப்படிக் கெடுக்கப் பார்த்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மைல்கல்லும் நீலப் புள்ளியும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அங்கிருந்து அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி. இதுதான் பாதை. சேந்தமங்கலம் வரை எல்லாம் பிரமாதம். திரையில் நீலக் கோடு, அதன் மேல் ஊர்ந்துபோகும் நீலப் புள்ளி. எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருவோம் என்று கீழே ஓர் எண். நான் பெருமையாக, “இன்னும் எவ்வளவு தூரம்னு பாருங்கப்பா” என்றேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. சாலையோர மைல்கல்லைப் பார்த்தே தூரத்தைச் சொன்னார். கூடவே ஒரு பாடமும் நடந்தது. “கல்லோட தலை மஞ்சளா இருந்தா நேஷனல் ஹைவே. பச்சையா இருந்தா ஸ்டேட் ஹைவே. கறுப்போ நீலமோ இருந்தா ஜில்லா ரோடு. ஆரஞ்சுன்னா கிராமத்து ரோடு. ராத்திரி தப்பா திரும்பிட்டம்னு வெச்சுக்க, அடுத்த கல்லோட தலையப் பாத்தாலே தெரிஞ்சிரும்.”

தினமும் கடந்துபோகிற கற்கள். அவற்றுக்கு நிறம் இருப்பதே அன்றுதான் என் கண்ணில் பட்டது.

எட்டரை மணிக்கு வெயில் நேராகத் திரையில் விழ ஆரம்பித்தது. நீலக் கோடு காணாமல்போய், என் ஹெல்மெட்டின் நிழல்தான் கண்ணாடியில் தெரிந்தது. வெளிச்சத்தை முழுசாகக் கூட்டினேன். பத்து நிமிடத்தில் போன் தோசைக்கல் மாதிரி சூடாகி, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. இது கோளாறு இல்லை. சூடு அதிகமானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள போன் செய்யும் வேலை. திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், அதற்கும் மேலே போனால் அணைந்தே போகும். வெயிலில் வெளிச்சம் கூட்ட வேண்டும், வெளிச்சம் கூட்டினால் சூடாகும், சூடானால் வெளிச்சம் குறையும். நம் ஊர் கோடையில் ஹேண்டில்பார் போனின் முதல் பிரச்னை இதுதான்.

ஏழாவது வளைவில் ஒரு ஒயர்

காரவள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் மலைப்பாதை ஆரம்பம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை உண்டு. முதல் நாலைந்து வளைவு உற்சாகமாகத்தான் இருந்தது. ஏழாவது வளைவில் ஹேண்டிலை முழுசாக வலது பக்கம் ஒடித்தபோது, எதுவோ பிடித்து இழுத்தது.

சார்ஜர் ஒயர்!

மெக்கானிக் அண்ணன் பேட்டரியிலிருந்து இழுத்து, டேங்க்கின் ஓரமாகக் கொண்டுவந்து கட்டிக் கொடுத்த ஒயர் அது. சென்னையில் ஓட்டும்போது அது ஒரு நாளும் தொந்தரவு செய்ததில்லை. காரணம் எளிது. நகரத்துச் சாலையில் ஓடும்போது யாரும் ஹேண்டிலைக் கடைசி வரை ஒடிப்பதே இல்லை. கொண்டை ஊசி வளைவில்தான் அந்தக் கடைசி இரண்டு அங்குலம் தேவைப்படுகிறது. அந்த இரண்டு அங்குலத்துக்கு ஒயரில் நீளம் இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். அப்பா இறங்கி, ஹேண்டிலை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி என் பையில் வைத்தார். “வண்டியில எத மாட்டினாலும் ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்துட்டுத்தான் வெளிய எடுக்கணும்.” அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று இறங்கி வந்து, ஹோல்டரை ஆராய ஆரம்பித்தது. போனுக்கு அது விரலை நீட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம்.

34-ல் இருந்த புள்ளி 36-க்குத் தாவியது

பாதி மலையில்தான் அது நடந்தது.

மேப்பில் கொல்லிமலைப் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? குடலைச் சுருட்டி வைத்த மாதிரி கோட்டுக்கு மேல் கோடு இருக்கும். ஒரு வளைவு ஏறி வந்தால், ஏற்கெனவே வந்த சாலை பத்துப் பதினைந்து அடி கீழேயே தெரியும். போனில் இருக்கும் ஜி.பி.எஸ், திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் நம் இடத்தைச் சொல்லும். ஆனால், ஒரு பக்கம் பாறைச் சுவரும் தலைக்கு மேல் மரக்கிளைகளும் இருக்கும் இடத்தில், செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வரும். கணக்கு தப்பும். அடுக்கடுக்காக இருக்கும் சாலைகளில் நாம் எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று போனுக்கே குழப்பம் வந்துவிடும்.

34-வது வளைவை நெருங்கிக்கொண்டிருந்தேன். திரையில் புள்ளி சட்டென்று இரண்டு கோடு தாண்டி மேலே குதித்தது. மேப் ஒரு சுற்று சுற்றித் திரும்பியது. ‘என்ன இது?’ என்று குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான்.

“எடப்பக்கம்!”

தோளில் விழுந்த அடியில்தான் தலையைத் தூக்கினேன். வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. நான் சாலையின் நடுவுக்கு வந்திருந்தேன். பிரேக்கை அழுத்தி, இடது ஓரத்துச் சரளையில் காலை ஊன்றினேன். வண்டி அணைந்துபோனது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் என் வலது முழங்கையிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றது.

டிரைவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஜன்னலிலிருந்து குனிந்து முதலில் என்னைப் பார்த்தார். பிறகு ஹேண்டில்பாரில் ஒளிர்ந்துகொண்டிருந்த போனைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவரும் தலையசைத்துவிட்டு இறங்கிப்போனார். இரண்டு டிரைவர்களுக்கு நடுவில் பேசி முடித்துவிட்ட ஒரு விஷயம் மாதிரி இருந்தது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த இரண்டு வளைவுகள் அப்பா எதுவும் பேசவில்லை. அகலமான ஓர் இடத்தில், “நிறுத்து” என்றார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

“அவன் வளைவுக்கு முன்னாடி ரெண்டு தடவ ஹாரன் அடிச்சான் பாப்பா. உனக்குக் கேட்டுச்சா?”

கேட்கவில்லை. காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. இருந்தும் கேட்கவில்லை. கண் திரைக்குள் போனபோது காதும் கூடவே போயிருக்கிறது.

அங்கே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால், ஒரு வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல். இரண்டு வினாடி குனிந்து பார்த்தால் 16 மீட்டருக்கும் அதிகம். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகமான தூரத்தை, அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் கண்ணை மூடியபடி ஓட்டியிருக்கிறேன். நாற்கர சாலையில் 60-ல் போகும்போது அதே இரண்டு வினாடிக்கு 33 மீட்டர்.

“மலையில ஏறுற வண்டிக்குத்தான் மொதல்ல வழி விடணும். அதுதான் ரூல். ஆனா, வளைவுல பஸ்ஸுக்கு வேற வழியில்ல, அவன் முழு ரோட்டையும் எடுத்தாத்தான் திரும்ப முடியும். அதனாலதான் ஹாரன் அடிக்கிறான். அதக் கேட்டு நாம கீழயே நின்னுடணும். இது உன் மேப்புல வராது” என்ற அப்பா, கொஞ்சம் நிறுத்தி, “வழி தெரிஞ்சா போதாது சாமி. ரோடு தெரியணும். வழி வேற, ரோடு வேற” என்றார்.

திட்டும்போது ‘பாப்பா’, மன்னிக்கும்போது ‘சாமி’. எங்கள் வீட்டுக் கணக்கு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். மீதி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறினோம். எண்ணியது அப்பா. 50-ஐத் தாண்டியதும் காற்று குளிர ஆரம்பித்தது. மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. எங்கிருந்தோ பலாப்பழ வாசனை வந்தது. கீழே திரையைப் பார்த்துக்கொண்டு வந்தபோதும் இந்த வாசனை வந்துகொண்டுதான் இருந்ததா என்று யோசித்தேன். தெரியவில்லை.

குறுக்கு வழி முடிந்த இடம்

சோளக்காட்டில் பலாச்சுளை வாங்கித் தின்றுவிட்டு, செம்மேடு போய்ச் சேர்ந்தோம். மலைமேல் இருக்கும் பெரிய ஊர் இதுதான். கடைகள், பஸ் ஸ்டாண்ட், நடுவில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரி, ஆண்டது இந்த மலையைத்தான். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்த அவன் வில்திறமையைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். சிலையைப் பார்த்ததும் அப்பா, “ஒரே குறிதான். நடுவுல போன் பாக்கல” என்றார். அதற்குள் சிரிக்கிற அளவுக்கு நானும் தேறியிருந்தேன்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் முன் வழியில் ஓர் அருவியைப் பார்த்துவிடலாம் என்று மறுபடி போனை எடுத்தேன். இந்த முறை வண்டியை நிறுத்தி வைத்துத்தான் பார்த்தேன். மேப் இரண்டு வழி காட்டியது. ஒன்று தார்ச்சாலை. இன்னொன்று மூன்று கிலோமீட்டர் குறைவு. யாராக இருந்தாலும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

முதலில் சிமென்ட் சாலை. பிறகு மண் சாலை. பிறகு, முந்தின நாள் மழையில் ஊறிப்போன செம்மண் சரிவு. சிக்னலும் போய்விட்டது. வழியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று திரையைத் தொட்டால், வெறும் சாம்பல் கட்டங்கள். நடுவில் நீலப் புள்ளி மட்டும் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. ஜி.பி.எஸ் வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை. வானத்திலிருந்து வரும் சிக்னலை போன் நேரடியாக வாங்கிக்கொள்கிறது. டேட்டா தேவைப்படுவது மேப் படத்துக்கும், புதிதாக வழி கண்டுபிடிக்கவும்தான். நாம் எங்கே இருக்கிறோம் என்று போனுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. வீட்டில் வைஃபை இருக்கும்போதே அந்தப் பகுதியின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்திருந்தால், கட்டங்களுக்குப் பதில் சாலைகள் தெரிந்திருக்கும். நான் இறக்கவில்லை. சொந்த ஊர் மலைதானே என்ற திமிர்!

பக்கத்து மரவள்ளிக் காட்டிலிருந்து ஓர் அம்மா எழுந்து பார்த்தார். “போனப் பாத்துட்டு வந்தீங்களா? இது நாங்க நடந்து போற பாதைங்க. வண்டி எறங்காது.”

“நெறையப் பேர் இப்படி வந்துர்றாங்களா?” என்று கேட்டார் அப்பா.

“லீவு நாள்ல வருவாங்க. போன மாசம் ஒரு காரே வந்து மாட்டிக்கிச்சு. நாலு பேர் வந்து தள்ளிவிட்டோம்.” களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, மண்ணில் விரலால் கோடு போட்டு வழி சொன்னார். “இப்படியே திரும்பிப் போங்க. ஒரு கோயில் வரும். அங்க எடது கையில போகாதீங்க, அது காபித் தோட்டத்தோட நின்னுரும். நேரா போனா தார் ரோடு.”

எங்கே போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்ன அந்த வழி, தப்பவே இல்லை. மேப் கணக்குப் போடுவது பெரும்பாலும் தூரத்தையும் நேரத்தையும் வைத்துத்தான். நேற்றுப் பெய்த மழை, சரிவின் செங்குத்து, ஜல்லி பெயர்ந்த இடம் எல்லாம் அந்தக் கணக்கில் சரியாக வருவதில்லை. அவை அந்த ஊரில் நடக்கிறவர்களின் காலுக்குத்தான் தெரியும்.

“முப்பது வருஷம் இப்படித்தான் போனேன். பாஷை தெரியாத ஊர்லகூட டீக்கடையில வண்டிய நிறுத்தி, கையக் காட்டுனா போதும்” என்றார் அப்பா. ‘நான் தொலைந்துபோவதே இல்லை’ என்ற பெருமையில் சொல்லவில்லை. அந்த டீக்கடைகளை நினைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது.

படிக்கட்டு உச்சியில் ஒரு லாரி டிரைவர்

அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. அப்பாவுக்கு முட்டி வலி. “நீ போயிட்டு வா, நான் இங்க உக்காந்திருக்கேன்” என்றார். நனைந்துவிடும் என்பதால் போனை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். கோடை மழை பெய்திருந்ததால் அருவியில் தண்ணீர் இருந்தது. தலையில் விழுந்த முதல் நிமிடம், காலையிலிருந்து உடம்பில் இருந்த நடுக்கம் எல்லாம் போனது. ஏறி வரும்போது தொடை கழன்றுவிடும் போலிருந்தது, அது வேறு கதை.

செம்மேடு திரும்பி டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். சிக்னல் வந்திருந்தது. அப்பா என் போனைத் திருப்பித் தரவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேப்பை இரண்டு விரலால் விரித்து விரித்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“என்ன தேடுறீங்கப்பா?”

“நாக்பூருக்கு முன்னாடி ஒரு ஊர். ரோட்டோரமா ஒரு டாபா. நீ பொறந்த சேதிய அங்க வெச்சுத்தான் கேட்டேன். எஸ்.டி.டி பூத் இருந்துச்சு பக்கத்துல.”

சேர்ந்து தேடினோம். ஊர் கிடைத்தது. ஆனால், பெரிய சாலை இப்போது ஊருக்கு வெளியே பைபாஸாகப் போகிறது. அப்பா லாரி ஓட்டிய பழைய சாலை, ஊருக்கு நடுவில் மெல்லிய கோடாகச் சுருங்கிக் கிடந்தது. அந்தக் கோட்டின் மேல் அவர் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். டாபா கிடைக்கவில்லை. “இருக்காது. வண்டியே போகலைன்னா யாரு சோறு ஆக்குவா?” என்றவர், டீ ஆறிப்போகும் வரை போனைக் கீழே வைக்கவில்லை.

காலையிலிருந்து மேப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர் அவர். வழி தேடத்தான் அவருக்கு மேப் தேவைப்படவில்லை. போய்வந்த ரோட்டைத் தேடத் தேவைப்பட்டது.

இறங்கும்போது போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஹோல்டர் காலியாகப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. “ஏறுன கியர்லயே எறங்கு. இன்ஜினை அணைக்காத. பிரேக்க விட்டு விட்டுப் புடி” என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. ஹாரன் சத்தம் கேட்ட ஒவ்வொரு முறையும் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றேன். 34-வது வளைவு வந்தபோது இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. அவர் கை மட்டும் என் தோளில் வந்து உட்கார்ந்து, அடுத்த வளைவில் தானாக எடுத்துக்கொண்டது.

நீங்களும் போனை மாட்டப்போகிறீர்களா?

போனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழக்கமில்லாத ஊரில், இரவில், ஐந்து சாலை பிரியும் மேம்பாலத்தின் அடியில் அது தெய்வம். ஆனால், மாட்டுவதற்கு முன் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

* நின்றுகொண்டு பாருங்கள்: கிளம்பும் முன்பே வழியை ஒரு முறை முழுசாகப் பார்த்துவிடுங்கள். போகும் ஊர்ப் பெயர்களை வரிசையாக மனதில் வைத்துக்கொண்டால், திரையைப் பார்க்கும் தேவை பாதியாகக் குறையும். சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

* குரலை நம்புங்கள், திரையை அல்ல: ஹெல்மெட்டில் பொருத்தும் சிறிய ஸ்பீக்கர் இருந்தால் வழிகாட்டும் குரல் போதும். இரண்டு காதையும் அடைக்கும் இயர்போன் வேண்டாம். ஹாரன் கேட்க வேண்டும்.

* ஹேண்டிலை ஒடித்துப் பாருங்கள்: ஹோல்டரும் ஒயரும் மாட்டிய பிறகு, இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஸ்பீடோமீட்டரையும் இண்டிகேட்டர் விளக்கையும் போன் மறைக்கக் கூடாது.

* கேமரா பத்திரம்: நல்ல போன்களின் கேமராவில், கை ஆடினாலும் படம் ஆடாமல் இருக்க லென்ஸை நுணுக்கமாக அசைத்துச் சரிசெய்யும் அமைப்பு உண்டு. பைக் இன்ஜினின் தொடர் அதிர்வு அதைக் கெடுக்கக்கூடும். சக்திவாய்ந்த இன்ஜின் உள்ள பைக்குகளில் ஐபோனை நேரடியாக மாட்ட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் அறிவுறுத்தியது. மொபெட், ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் அமைப்புள்ள ஹோல்டரைப் பயன்படுத்தச் சொன்னது. முடிந்தால் வழி பார்க்க மட்டும் ஒரு பழைய போனை வைத்துக்கொள்ளலாம்.

* வெயில், மழை: நிற்கும்போது போனை நிழலுக்கு மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். மழைத்துளி விழுந்தால் திரை, விரல் பட்டதாக நினைத்து எதையாவது அழுத்திவிடும். அந்த நேரத்தில் போன் இருக்க வேண்டிய இடம் பை.

* சட்டம்: வண்டி ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், வழி பார்ப்பதற்காக மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. ‘கவனம் சிதறாத வகையில்’ என்பதை இரண்டு முறை படியுங்கள்.

* பின் சீட்டில் ஆள் இருந்தால்: போன் அவர் கையில் இருக்கட்டும். அதைவிட நல்ல ஹோல்டர் எந்தக் கடையிலும் இல்லை.

நீலப் புள்ளி நின்றால்…

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னைக்குக் கிளம்பினேன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, “நீ போற எடம் என் போன்ல தெரியிற மாதிரி செய்ய முடியுமாமே?” என்று கேட்டார். எதிர்வீட்டுப் பையன் சொல்லியிருக்கிறான். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போட்டு அனுப்பிவைத்தேன்.

ராசிபுரம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி. போன் ஜெர்க்கின் உள்பையில் இருந்தது. ஹேண்டில்பாரில் ஹோல்டர் காலி. இந்த வழி எனக்குத் தெரியும். இந்த முறை ரோட்டையும் பார்த்துக்கொண்டு போனேன். மைல்கற்களின் மஞ்சள் தலைகள் வரிசையாகக் கடந்துபோயின.

உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது.

“ஏன் பாப்பா, ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்குது? வண்டில ஏதாச்சுமா?”

“இல்லப்பா. டீ குடிக்கிறேன்.”

“சரி சரி. குடிச்சிட்டு மெதுவா வா” என்றவர், வைக்கப்போய் மறுபடி கேட்டார். “ஓட்டும்போது எடுக்கலையே போன?”

“இல்லப்பா. நின்னுட்டுத்தான் எடுத்தேன்.”

“அதான் தெரியுதே” என்றார். “புள்ளி நின்ன பிறகுதான நானே கூப்பிட்டேன்.”